கன்னத்தில் கை

கன்னத்தில் கை வைத்து உட்காரும் ஆளை எங்கள் வீட்டில் யாரும் சும்மா விட்டதில்லை. ஆயா பின்னால் வந்து முழங்கையைத் தட்டிவிடுவார். "வூட்ல இன்னா எழவா வுழுந்துச்சு?" என்பார். கூடவே அந்தப் பழமொழியும் வரும்: கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே. சென்னை ராயபுரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது பழமொழியில் மட்டும் மிதப்பது அல்ல. மொட்டைமாடி ஏறினால் தெரியும். ராத்திரியில் அதன் சங்கு கேட்கும். அதனாலோ என்னவோ, எனக்கு அந்தப் பழமொழியில் வெகுநாளாக ஒரு சந்தேகம். கவிழ்ந்தது யாருடைய கப்பல்? முதலாளியுடையது என்றால், எழுந்து அடுத்த கப்பலுக்கு வழி பார் என்று அவனிடம் சொல்லலாம், நியாயம்தான். அதில் கூலிக்குப் போனவனின் பெண்டாட்டிக்கும் அதே அறிவுரைதானா?

அந்தச் சந்தேகத்தை மறுபடி கிளப்பிவிட்டது ஒரு மரச்செதுக்கு அச்சுப்படம். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1896-இல் பாரிஸில் இருந்தபோது செதுக்கியது. 1902-இல் அதையே புதுப் பலகையில் இன்னொரு முறை செதுக்கினார். 'அலறல்' வரைந்த அதே முங்க்தான். இந்தப் படத்துக்குத் 'துயரம்' என்று பெயர், 'மாலை' என்றும் சொல்வார்கள். வளைந்து போகும் ஒரு கடற்கரை, கரையோரம் கற்கள். மூலையில் கறுப்பு உடையில் ஒருவன், தலை கவிழ்ந்து, கன்னத்துக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் ஒரு படகுத்துறையும் அதன் மேல் சிறுசிறு உருவங்களும். யாரோ படகேறப் போகிறார்கள். அவனுக்கு அது தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. கடல் எதிரில் இருக்கிறது, அதையாவது பார்க்கிறானா என்றால் அதுவும் இல்லை. 'அலறல்' படத்தில் வாய் திறந்திருப்பதால் உலகம் முழுக்க அதைச் சட்டையிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சடித்துக்கொண்டது. இவனை அப்படி யாரும் அச்சடிக்கக் காணோம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வைத்து என்ன செய்வது?

இவனுக்கு ஊர், பெயர் எல்லாம் உண்டு. ஊர் ஓஸ்கோர்ஸ்ட்ராண்ட், ஓஸ்லோ வளைகுடாவின் கரையில் இருக்கும் சின்னக் கடலோரக் கிராமம். பெயர் யாப்பே நீல்சன், எழுத்தாளர், முங்க்கின் நண்பர். 1891 கோடையில் அவருக்கு இருபது வயது கடந்திருந்தது. தன்னைவிடப் பத்து வயது மூத்தவரும் மணமானவருமான ஓடா குரோக் என்ற ஓவியர் மீது காதல். ஓடாவின் கணவர் கிறிஸ்டியான் குரோக்கும் ஓவியர், பத்திரிகைகளில் எழுதுபவர், ஊரறிந்த பெரிய மனிதர். அந்தக் காதல் எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நண்பன் கரையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முங்க் முதலில் அதை ஓவியமாகத் தீட்டினார். அந்த ஆண்டே தலைநகரில் காட்சிக்கு வைத்தார். இனிதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். படத்தைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதியவர் கிறிஸ்டியான் குரோக். தன் மனைவியின் காதலன் துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தை, அதன் நிறங்கள் இசைபோல ஒலிக்கின்றன என்ற பொருள்பட மெச்சினார். நம் ஊராக இருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். அவரிடம் இருந்தது பெருந்தன்மையா, தொழில்காரனின் கண்ணா என்று யோசித்திருக்கிறேன். தொழில்காரனின் கண்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கண்ணுக்கு எதிராளியின் துக்கமும் துக்கமாகவே தெரிகிறது, அதுவே பெரிய விஷயம்.

கன்னத்தில் கை வைக்கும் இந்தத் தோரணை முங்க் கண்டுபிடித்தது அல்ல. 1514-இல் ஜெர்மானியக் கலைஞர் டியூரர் செப்புத் தகட்டில் பொறித்த படத்தில் இறக்கை முளைத்த ஒரு பெண் இதே மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றி ரம்பம், இழைப்புளி, தராசு, மணற்கடிகாரம் என்று ஒரு பட்டறைக்குரிய சாமான்கள். அத்தனை கருவி இருந்தும் எதிலும் கை போகவில்லை. அவளிடம் துக்கம் ஒரு பெரிய தத்துவம். முங்க்கின் ஆளைச் சுற்றிக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை, எனக்கு இவன்தான் பக்கத்தில் வருகிறான்.

படத்தைவிட அதை அச்சடித்த விதம் என்னை அதிகம் இழுத்தது. அப்பா ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். ட்ரெடில் மெஷினின் தாளம், மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை, கல்யாணப் பத்திரிகைக்கான பிள்ளையார் பிளாக்குகள் அடுக்கிய மரப்பெட்டி. இரண்டு கலர் பத்திரிகை என்றால் அப்பாவுக்கு அன்றைக்குத் தலைவலி நிச்சயம். முதலில் மஞ்சள் ஓட்டி, காயவைத்து, அதே தாளை மறுபடி கொடுத்துச் சிவப்பு ஓட்ட வேண்டும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பிள்ளையாரின் தும்பிக்கை ஒரு பக்கமும் அதன் சிவப்பு இன்னொரு பக்கமும் நிற்கும். "ரெஜிஸ்டர் போச்சு" என்று அப்பா அந்தத் தாளைக் கசக்கிப் போடுவார்.

இந்தத் தலைவலிக்கு முங்க் கண்ட வைத்தியம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார், இல்லாவிட்டால் சண்டைக்குப் போயிருப்பார். செதுக்கிய பலகையை மெல்லிய ரம்பத்தால் உருவத்தின் வளைவை ஒட்டியே துண்டு துண்டாக அறுத்துவிடுவார் முங்க். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மை பூசி, மறுபடி பொருத்தி, ஒரே அழுத்தில் எடுத்துவிடுவார். நிறங்கள் பல, ஓட்டம் ஒன்று. ஆனால் ரம்பம் தின்ற மரம் திரும்ப வராது. துண்டுகள் சேரும் இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக்கோடு தங்கிவிடும். அப்பா கணக்கில் அது வேஸ்ட். முங்க் அதை மறைக்கவில்லை.

மரத்தையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களுக்கு மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் ஊசிபோன்ற உளியால் நுணுக்கி நுணுக்கிப் பொறிப்பார்கள். அச்சில் வந்தபின் அது மரம் என்றே தெரியாது, அதுதான் கெட்டிக்காரத்தனம். முங்க் சாதாரணப் பலகையை நீளவாக்கில் எடுத்துக்கொண்டு முரட்டு உளியால் செதுக்கினார். தஹிதியிலிருந்து திரும்பிய கோகன் 1893-94-இல் இதே போல முரட்டுத்தனமாகச் செதுக்கிக் காட்டியிருந்தார். பலகையின் ரேகைகள் அப்படியே தாளில் விழுந்தன. மரம் தன் வயதைத் தானே எழுதிக்கொண்ட கோடுகள் இவர் படத்தில் வானத்திலும் நீரிலும் ஓடுகின்றன. பிறகு அதே பலகைகளில் மையை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தார். ஒரு பிரதியில் கரை பச்சையாக இருக்கும், இன்னொன்றில் எல்லாமே நீலத்தில் மூழ்கியிருக்கும். ஆள் மட்டும் அசையவில்லை. ஒரே துக்கம் காலையில் ஒரு நிறத்திலும் ராத்திரியில் இன்னொரு நிறத்திலும் வருவதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா போன வருஷம் எங்கள் வீட்டில் அதைப் பார்த்தேன்.

இன்னொருவனின் துக்கத்தை எடுத்துச் செதுக்கி விற்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. முங்க்குக்கும் அதே கரைப்பக்கத்தில் அதே மாதிரி ஓர் அனுபவம் இருந்தது. 1885 வாக்கில் மில்லி தௌலோ என்ற மணமான பெண்ணின் மீது கொண்ட காதல் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. அதற்கும் முன்னால், ஐந்து வயதில் தாயையும் பதின்மூன்று வயதில் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆக, நண்பன் உட்கார்ந்திருந்த கல்லின் குளிர் அவருக்குத் தெரியும். இருந்தாலும் என்னைச் சமாதானப்படுத்துவது அது அல்ல. பின்னால் நடந்ததுதான். 1908-இல் குடியும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்து முங்க் கோபன்ஹேகனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். பல மாதம் அங்கே கிடந்தார். அப்போது கடிதம் எழுதித் துணை நின்றவர்களில் ஒருவர் நீல்சன். பத்திரிகையில் கலை விமர்சகராக முங்க்குக்காக வாதாடியவரும் அவரே. 1909-இல் முங்க் அவரை மறுபடி பெரிய கித்தானில் வரைந்தார். இம்முறை நடுவயதுக்காரராக, தன் பெயரோடு. அச்சுப்படத்தைப் பார்க்கும் நமக்கு அந்த இளைஞன் கல்லைவிட்டு எழவே மாட்டான் என்று தோன்றுகிறது. எழுந்தான். எழுந்து, விமர்சனம் எழுதி, எழுதியதற்குச் சண்டை பிடித்து, நண்பனுக்குத் தபால் போட்டு, 1931 வரை இருந்தான். யாரும் அவன் கையைத் தட்டிவிட்டதாகத் தெரியவில்லை.

துக்கப்படுகிறவரை உட்காரவைக்க நம் மரபுக்கும் ஒரு கரை தெரிந்திருந்தது. ஐந்திணையில் கடற்கரை நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். தொல்காப்பியம் அதற்கு வகுத்த பொழுது எற்பாடு, வெயில் சாயும் நேரம். படத்துக்கு 'மாலை' என்று இன்னொரு பெயர் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பட்டியல் போட்டாயிற்றே! ஆனால் நம் நெய்தல் தலைவி வாய் மூடி இருப்பவள் அல்ல. தோழியிடம் சொல்வாள், கிடைக்காவிட்டால் நண்டிடமும் நாரையிடமும் சொல்வாள். கழியும் புன்னையும் அவள் துக்கத்தில் பங்கு கொள்ளும். உட்காரவும் புலம்பவும் அவளுக்கு ஒரு முழு நிலம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சிக்கல் அந்த நிலத்தில்தான். சென்னைக்காரர்கள் சோகம் வந்தால் மெரினாவுக்குப் போகிறார்கள். சினிமாவும் அங்கேதான் கூட்டிப்போகிறது. பரீட்சையில் தோற்றவன், கடனாளி, காதலில் கசந்தவள் எல்லோருக்கும் அங்கே மணலில் இடம் உண்டு. அந்த மணல் எப்படி வந்தது? இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. 1876-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் கல்கரங்கள் நீண்டதும் மணல் அங்கே முட்டி நின்றது. 1881 புயல் அந்தக் கரங்களை உடைத்தது. மறுபடி கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரத்தில் உலாவும் சாலை போட்டார். வடக்கே ராயபுரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. ஓஸ்கோர்ஸ்ட்ராண்டில் நீல்சன் உட்கார்ந்திருந்த காலத்தில் இங்கே உட்காரும் இடம் கரைந்துகொண்டிருந்தது. மெரினாவில் கன்னத்தில் கை வைத்து உட்காருகிறவர் காலடியில் இருப்பதில் கொஞ்சம் எங்கள் மணல். துக்கப்பட ஓர் இடம் என்பதுகூட ஊருக்கு ஊர் சமமாகக் கிடைப்பதில்லை என்று இதற்கு மேல் எனக்கு நிரூபணம் வேண்டாம்.

ராயபுரத்தில் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. திருவொற்றியூர் பக்கம் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றுக்கு இடையே கைக்குட்டை அகலத்துக்குக் கொஞ்சம் மணல் சேர்ந்தது, பசி இன்னும் வடக்கே போனது. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-இல் வந்தது. அதை ஒட்டி 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஒவ்வொரு கல்கரமும் தனக்கு வடக்கே இருப்பவனுக்குத் தரவேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

காட்டுப்பள்ளிக்குப் போகிற சாலையில் கண்டெய்னர் லாரிகள்தான் ஜனத்தொகை. வல்லூர் தாண்டினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மேலே உயரழுத்தக் கம்பிகள், ஓரத்தில் சாம்பல் பூத்த கருவேலம். கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் ஒல்லியாகக் கிடக்கும் மணல்திட்டு இது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். கப்பல் கட்டும் தளத்துக்காகக் குப்பத்துக்காரர்களை இடம் மாற்றினார்கள். வேலை தருவதாகச் சொன்ன சொல்லுக்காக அவர்கள் வருஷக்கணக்கில் போராடியது செய்தித்தாள்களில் வந்தது. கழியில் இன்னும் இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள், வாயில் பறி. கன்னத்தில் வைக்க அவர்களிடம் கை மிச்சமில்லை.

கப்பல் விஷயத்துக்கும் வருகிறேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கவிழவில்லை, ஆனால் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியால் அந்தக் கறுப்புக் குழம்பை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. மறுபடி படகில் போய் அள்ளினார்கள். பழமொழி சொன்னபடியே நடந்துகொண்டவர்கள் இவர்கள்தான். கை கன்னத்துக்குப் போகவே இல்லை, நேராக எண்ணெய்க்குள் போனது. அதற்காக அவர்களைப் புகழ்வதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. துக்கப்பட நேரம் தராமலிருந்துவிட்டு, 'எவ்வளவு உறுதியான மக்கள்' என்று கட்டுரை எழுதுவது சுலபம்.

இப்போது கவிழாத கப்பல் ஒன்று இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் அது. ஆண்டுக்கு 2.465 கோடி டன் கையாளும் திறனை 32 கோடி டன்னாக்க வேண்டுமாம், கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதும் அதில் சேரும். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் வைப்பதாக அறிவித்து ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பரில் அறிவித்து மறுபடி ஒத்திவைத்தார்கள். எதிர்ப்பவர்கள் அதை வெற்றி என்றார்கள், எனக்கும் அன்று சந்தோஷம்தான். ஆனால் ஒத்திவைப்புக்குள்ளேயே குடியிருப்பது என்ன மாதிரி வாழ்க்கை? இழந்தாயிற்று என்றால் அழலாம், இருக்கிறது என்றால் வீடு கட்டலாம், பிள்ளையைப் படகுக்குப் பழக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆயாவிடம்கூடப் பழமொழி இல்லை. முங்க்கின் ஆளைவிட இவர்கள் நிலைமை மோசம் என்றுதான் சொல்வேன். அவனுக்குப் படகில் ஏறியது யார் என்றாவது தெரியும்.

காட்டுப்பள்ளியில் நான் போய்ச் சேர்ந்த அன்று, வெயில் சாயும் நேரத்தில் அலைதடுப்புக் கல்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், லுங்கி, கழுத்தில் துண்டு. முழங்காலில் முழங்கை, கன்னத்தில் கை. படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரியே இருந்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"இன்னாம்மா, யாரையாச்சும் தேடுறியா?"

"இல்லண்ணே, சும்மா வந்தேன்."

"சும்மாலாம் இங்க யாரும் வர மாட்டாங்களே."

"நீங்க இன்னாண்ணே பாத்துக்கினு இருக்கீங்க?"

"காத்த." கையைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே மோவாயால் கடலைக் காட்டினார். "கச்சான் இன்னும் அடங்கல. வெள்ளன போலாமா வாணாமான்னு பாக்குறேன். கொண்டல் திரும்புச்சின்னா போலாம்."

முன்பு எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். மணலில்தான் என்றார். கரைவலை இழுத்துவிட்டு எல்லோரும் வரிசையாக மல்லாந்து படுப்பார்களாம். துறைமுகச் சுவரின் பக்கமாகத் தண்ணீரைக் காட்டி, அங்கே என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் மறுபடி எப்போது என்று ஏதாவது தகவல் உண்டா என்றேன்.

"தேதி சொன்னா ஊரே போவும்மா. அதுக்குள்ள இஞ்சின் வேலைக்கு வுடணும். பழசுக்குப் போய் புது இஞ்சின்ல பாதி வெல கேக்குறான், திருட்டுப் பய."